ஹேமக்கில் குளிரும் மழையும்: கொடைக்கானல் மேல்மலையில் டிசம்பர் இரவைக் கழிப்பது எப்படி?

கேள்வி: டிசம்பர் கடைசியில் பூம்பாறை பக்கம் நண்பரின் தோட்டத்தில் இரண்டு இரவு ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தூளி) கட்டித் தூங்கப் போகிறோம். கையில் 10 டிகிரி என்று போட்ட ஸ்லீப்பிங் பேக், ஒரு யோகா மேட், ஒரு தார்ப்பாய் இருக்கின்றன. இவை போதுமா? நனையாமல், நடுங்காமல் தூங்க வேறு என்ன வேண்டும்?

பதில்:

இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் இப்போது இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போனால், மார்பும் கையும் கதகதப்பாக இருக்கும்போதே முதுகும் இடுப்பும் விறைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். பெரும்பாலானவர்கள் உடனே "இன்னும் தடிமனான பை வாங்கியிருக்கணும்" என்று நினைக்கிறார்கள். கோளாறு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

தூளியில் போட்ட குழந்தை வெயில் காலத்திலும் புழுங்காமல் தூங்குகிறது, ஏன்? துணிக்கு அடியிலும் காற்று போகிறது. சமவெளியில் சுகமாக இருக்கும் அதே ஏற்பாடுதான் 2,000 மீட்டர் உயரத்தில் உங்களைப் படுத்துகிறது. ஸ்லீப்பிங் பேக்கில் சூட்டைத் தாங்குவது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. உடம்பின் எடை விழும் இடத்தில் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணியாகிவிடும். தரையில் படுத்தால் கீழே மேட் இருக்கும், காற்றும் அடிக்காது. ஹேமக்கில் அந்த நசுங்கிய துணிக்கு அடியில் ராத்திரி முழுக்கக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். எனவே கையில் இருக்கும் பணத்தையும் யோசனையையும் முதலில் அடிப்பக்கத்துக்குச் செலவிடுங்கள்.

எந்த அளவு குளிருக்குத் தயாராவது? மேல்மலையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 8–10 டிகிரி சாதாரணம். வானம் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால் இன்னும் இறங்கும்; பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழுவதும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரையை விட்டு 20, 30 மீட்டர் மேலே ஏறிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். 5 டிகிரிக்குத் தயாராகப் போங்கள். உங்கள் பையில் போட்டிருக்கும் 10 டிகிரி எந்த 10 என்றும் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 முறைப்படி சோதித்த பைகளில் மூன்று எண்கள் இருக்கும்: வசதியாகத் தூங்கும் அளவு, கடைசி வரம்பு, உயிர் தப்பும் அளவு. முதல் எண்ணை மட்டும் நம்புங்கள். மூன்றாவது எண் தூங்குவதற்கானது அல்ல.

இனி அடிப்பக்கம். இதற்கு இரண்டு வழி உண்டு: மேட், அண்டர்குவில்ட்.

மேட் மலிவு, ஆனால் தொல்லை. 6 மி.மீ. யோகா மேட் ஒன்று 8 டிகிரிக்குப் போதாது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஓரளவு தாங்கும். அகலம் இன்னொரு பிரச்சினை. ஹேமக் துணி இரண்டு பக்கமும் எழும்பித் தோளையும் கையையும் ஒட்டிக்கொள்ளும். சாதாரண மேட் 50–60 செ.மீ. அகலம்தான், தோள் வெளியே நிற்கும். மேட்டில் ஒரு மீட்டர் நீளத் துண்டு வெட்டித் தோளுக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். நீளவாக்கில் இன்னொரு மேட். இரண்டும் சேர்ந்து சிலுவை வடிவில் வரும். அடுத்தது வழுக்கல்: நைலான் துணிமேல் மேட் நிற்காது, புரண்டால் நீங்கள் ஒரு பக்கம், மேட் ஒரு பக்கம். இரட்டைத் துணி ஹேமக் என்றால் இரண்டு துணிக்கும் நடுவே செருகிவிடலாம். ஒற்றைத் துணி என்றால் மேட்டை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே விட்டு அதன்மேல் படுங்கள். பை அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டில் மெத்தைக்குப் போடும் சாதா ஸ்பாஞ்சு வேண்டாம், நசுங்கும், தண்ணீரையும் குடிக்கும். காற்று ஊதும் மெத்தையும் உள்ளே காப்பு இல்லாததென்றால் உதவாது. அதற்குள் இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி உடம்புச் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும். காரின் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித் தடுப்பைப் பலர் பரிந்துரைப்பார்கள். மேட்டுக்கு மேலே கூடுதலாகப் போட நல்லதுதான், தனியாகப் போதாது. ஃபோம் எதுவானாலும் வியர்வை ஆவியை விடாது. காலையில் முதுகு ஈரமாக இருந்தால் ஹேமக் ஒழுகிவிட்டதாக நினைக்காதீர்கள்.

அண்டர்குவில்ட் என்பது ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் மெத்தை. உடம்பின் எடை அதன்மேல் விழாது, அதனால் பஞ்சு நசுங்காது. காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் ஒரு செவ்வக ஸ்லீப்பிங் பேக்கும் தெருமுனைத் தையல்காரரும் இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஜிப்பைச் சுற்றிலும் முழுக்கத் திறந்தால் ஏறத்தாழ 190 செ.மீ. நீளம், 140 செ.மீ. அகலம் உள்ள விரிப்பு கிடைக்கும். நீளமான இரண்டு ஓரங்களிலும் 20 செ.மீ.க்கு ஒன்றாக, 2 செ.மீ. நாடாவில் சின்னச் சின்னக் காதுகள் தைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்துக் காதுகளின் வழியாகவும் 4 மி.மீ. எலாஸ்டிக் கயிறு கோத்து, இரு நுனிகளையும் ஹேமக்கின் இரு முனைகளில் மாட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர் வாங்கினால் முடிச்சை நகர்த்தி நீளம் சரிசெய்ய இடமிருக்கும். தலைப்பக்கமும் கால்பக்கமும் உள்ள குட்டை ஓரங்களில் சுருக்குக் கயிறு ஓடும்படி ஒரு மடிப்புத் தையல் போட்டுவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். முனைகள் திறந்து கிடந்தால் ஒரு பக்கம் நுழையும் காற்று முதுகுக்கு அடியில் ஓடி மறுபக்கம் வெளியேறும். அத்தனை பஞ்சும் வீண்.

சரியாகத் தொங்குகிறதா என்று பார்ப்பது இப்படி. நீங்கள் ஹேமக்கில் ஏறிப் படுங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில் கையை நுழைத்து உங்கள் முதுகுக்கும் அண்டர்குவில்ட்டுக்கும் இடையே தடவிப் பார்க்கட்டும். கை தாராளமாகப் போனால் இடைவெளி அதிகம், எலாஸ்டிக்கைச் சுருக்குங்கள். பஞ்சு தட்டையாக ஒட்டிக்கிடந்தால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். துணியைத் தொட்டும் தொடாமலும், அழுத்தாமல் இருக்க வேண்டும். ஆள் இல்லாத ஹேமக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடை ஏறினால் ஹேமக் கீழே இறங்கும், கணக்கு மாறிவிடும். இதை மலையில் இருட்டில் தடவிக்கொண்டிருக்காமல் ஊரிலேயே இரண்டு மாமரத்துக்கு நடுவில் ஒருமுறை செய்துவிடுங்கள்.

இறகு அடைத்ததா, செயற்கைப் பஞ்சா? மேல்மலை மூடுபனியில் செயற்கைப் பஞ்சே மேல். இறகு லேசானது, ஆனால் ஈரம் ஏறினால் கட்டிகட்டியாகி உதவாமல் போகும். அந்த ஊரில் அதைக் காயவைக்கவும் வெயில் கிடைக்காது.

உங்களிடம் இருக்கும் ஒரே பையை அடியில் மாட்டிவிட்டால் மேலே என்ன போர்த்துவது என்று கேட்பீர்கள். அதனால்தான் இரண்டாவது பை ஒன்றை இரவல் வாங்கச் சொல்வேன். மேலே போர்த்தும் பைக்குள் புழுவாக நுழைந்து ஜிப் போட வேண்டியதில்லை. ஹேமக்கில் அது ஒரு சர்க்கஸ். கால்பக்கம் மட்டும் மூடி, மீதியைப் போர்வை போலப் போர்த்தித் தோளோரம் செருகிக்கொண்டால் போதும். இரண்டாவது பை கிடைக்கவில்லையென்றால் இரண்டு மேட்டும் சிலுவைத் துண்டும்தான் வழி. காற்று பலமான இடமென்றால் அண்டர்குவில்ட்டுக்கு வெளியே ஒரு பழைய மழைக்கோட்டையோ லேசான நைலான் விரிப்பையோ தொட்டில் போலக் கட்டுங்கள். காற்றையும் தரையிலிருந்து தெறிக்கும் சேற்றையும் அது வாங்கிக்கொள்ளும்.

கட்டும் கோணத்துக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறைய சம்பந்தம். ஹேமக்கை விறைப்பாக இழுத்துக் கட்டினால் துணியின் ஓரங்கள் தோளை நெருக்கும், பக்கவாட்டுப் பஞ்சும் நசுங்கும். எடை ஏறிய நிலையில், ஹேமக்கை மரத்தில் சுற்றிக் கட்டும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி விரித்து, ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடியுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் பட்டை தொட்டுச் சென்றால் ஏறத்தாழ 30 டிகிரி. அந்தச் சரிவில் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பட்டையிலும் 70 கிலோ இழுவைதான் வரும். 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அது 200 கிலோ ஆகிவிடும். 3.3 மீட்டர் நீள ஹேமக்குக்கு முனைக்கு முனை 2.75 மீட்டர் நடுக்கயிறு ஒன்று நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே மாதிரி வரும். மரங்களுக்கு இடையே 4.5 மீட்டர் இருந்தால் பட்டையை 1.8 மீட்டர் உயரத்தில் சுற்றுங்கள். உட்காரும்போது நாற்காலி உயரத்துக்கு, 45 செ.மீ.க்கு வரும். நேராகப் படுக்காமல் 10–15 டிகிரி குறுக்காகப் படுத்தால் முதுகு நிமிரும், முழங்காலும் வலிக்காது. பட்டை 2.5 செ.மீ. அகலப் பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும்; படுத்தபோது நாற்காலி உயரம், விடியும்போது புல் உயரம்.

மரம்: சில்வர் ஓக் நல்லது, குறைந்தது 15 செ.மீ. குறுக்களவு. யூகலிப்டஸ் கிளைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்க்கும். வாட்டிலுக்கு வேர் ஆழமில்லை, மழையில் ஊறிய மண்ணில் காற்றடித்தால் மரமே சாயும். கட்டுமுன் தலைக்கு நேர்மேலே டார்ச் அடித்துக் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். காட்டுமாட்டுத் தடத்தின் குறுக்கே கயிறு கட்ட வேண்டாம். நண்பரின் தோட்டம் என்பதால் தப்பித்தீர்கள்; சுற்றியுள்ள காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், வேலியைத் தாண்டிப்போய்க் கட்டினால் வழக்குதான் மிஞ்சும்.

அடுத்து மழை. டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை அடங்கிவரும் காலம் என்றாலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை வந்தால் இரண்டு நாள் விடாமல் பெய்யும். மழையே இல்லாவிட்டாலும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டும். வெட்டவெளி காய்ந்திருக்க, மரத்தடியில் மட்டும் மழை பெய்வது மலையில் சகஜம். ஆக, வானம் எப்படி இருந்தாலும் தார்ப்பாய் கட்டுங்கள். தெளிந்த இரவிலும் அது வேண்டும்: திறந்த வானத்தை நோக்கிச் சூடு வெளியேறிப் போர்வைமேல் பனி இறங்குவதை அது தடுக்கும்.

தார்ப்பாயின் முகட்டு நீளம் ஹேமக்கின் நடுக்கயிற்றைவிட ஒவ்வொரு முனையிலும் 30 செ.மீ.யாவது கூடுதலாக வேண்டும், 2.75 மீட்டருக்கு 3.4 மீட்டர் போதும், 3.6 இருந்தால் நிம்மதி. கடையில் விற்கும் 12 × 10 அடி நீலத் தார்ப்பாய் இதற்கு நன்றாகவே உதவும். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) என்றால் 1.3 கிலோவுக்கு மேல் கனக்கும், காற்றில் படபடக்கும், அவ்வளவுதான் குறை. அதன் கண் வளையங்களை நம்பாதீர்கள், பலத்த காற்றில் பிய்ந்துவிடும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் துணியால் சுற்றி, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் பிய்யாது. சிலிகான் பூசிய நைலான் தார்ப்பாய் என்றால் ஈரத்திலும் குளிரிலும் தொய்யும். படுக்கப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள், அல்லது இழுகயிற்றில் ஒரு துண்டு எலாஸ்டிக் சேர்த்துவிடுங்கள், அது தானே இழுத்துக்கொள்ளும். கட்டுவதற்கு லாரியில் பாரம் இறுக்கும் முடிச்சு போதும்.

காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், ஆனால் பள்ளத்தாக்கு அதைத் திருப்பிவிடும்; நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். தார்ப்பாயின் நீளமான பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். முனை காற்றைப் பார்த்தால் கூடாரம் குழாயாகிச் சாரல் தலைமாட்டில் விழும். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையிலிருந்து 20–30 செ.மீ. வரை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். எல்லாப் பக்கமும் மூடினால் மூச்சின் ஈரம் தார்ப்பாயின் உட்புறத்தில் படிந்து உங்கள்மேலேயே சொட்டும். அண்டர்குவில்ட் தார்ப்பாயை எங்கும் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் உறிஞ்சும்.

இவ்வளவும் செய்து, மேலே ஒரு சொட்டும் ஒழுகாமல், முதுகு நனைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் பட்டை வழியே வந்தது. மழையில் மரத்தண்டு ஒரு வாய்க்கால் மாதிரி; மேலே இலையில் விழுந்தது எல்லாம் தண்டில் வழிந்து, சுற்றியிருக்கும் பட்டையை ஊறவைக்கும். பட்டை சரிவாக ஹேமக்கை நோக்கி இறங்குகிறது, தண்ணீரும் அதன் கூடவே இறங்கும். முதலில் முனை நனையும், அங்கிருந்து துணியின் மடிப்புகள் வழியே நடுவுக்கு வந்து, அண்டர்குவில்ட்டில் தேங்கும். இதை நிறுத்த ஒரு முழம் பருத்தி நாடா போதும். பழைய வேட்டிக் கரையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துப் பட்டையை இறுகச் சுற்றி முடிந்து, நுனி ஒரு சாண் கீழே தொங்கும்படி விடுங்கள். தண்ணீர் அதில் ஏறிக் கீழே சொட்டிவிடும். நைலான் கயிறு இதற்கு ஆகாது, அது தண்ணீரை உறிஞ்சாது. இடமும் முக்கியம்: தார்ப்பாயின் விளிம்புக்கு உள்ளே ஒரு சாண் தள்ளிக் கட்ட வேண்டும். விளிம்புக்கு வெளியே கட்டினால் அதைத் தாண்டியதும் பட்டை மறுபடி நனையும். பட்டையும் ஹேமக்கும் சேரும் இடத்தில் இரும்பு வளையமோ கேரபினர் என்னும் கொக்கி வளையமோ இருந்தால் அதுவும் ஒரு தடுப்பு, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அண்டர்குவில்ட் எலாஸ்டிக் முனைகளை இந்த நாடாவுக்கு உட்பக்கம்தான் மாட்ட வேண்டும்.

தார்ப்பாயின் முகட்டுக் கயிற்றிலும் இதே கோளாறு வரும். கயிறு தார்ப்பாய்க்கு அடியில் மரத்துக்கு மரம் ஓடினால் தண்ணீர் அதன்மீது உள்ளே வந்து, தொய்ந்திருக்கும் நடுவில், சரியாக உங்கள் வயிற்றுக்கு நேரே சொட்டும். இரு முனைகளிலும் தனித்தனிக் கயிறு கட்டுவது உத்தமம். ஒரே கயிறுதான் என்றால் உள்விளிம்பில் அங்கும் ஒரு நாடா.

மழையிலேயே போய்ச் சேர்ந்தால் முதலில் தார்ப்பாய், அதன் அடியில் நின்றுகொண்டு மற்றதெல்லாம். கிளம்பும்போது தார்ப்பாய் கடைசியாக இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கும் மாற்றுத் துணியும் கனமான குப்பைப் பைக்குள் முறுக்கிக் கட்டியிருக்கட்டும். பேக்பேக்கின் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக. பகலில் போட்ட எதையும் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வியர்வை இருக்கும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, ஃப்ளீஸ், மங்கி குல்லா, இறுக்கமில்லாத கம்பளிச் சாக்ஸ். தலையைப் பைக்குள் விட்டு மூச்சு விடாதீர்கள், ஈரமாகும். படுக்குமுன் கடலை மிட்டாயோ நெய் சேர்த்த ஏதாவதோ சாப்பிட்டு, நாலு நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஏறுங்கள். பை சூடு தராது, உங்கள் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகவில்லை என்று உறுதி செய்து, சாக்ஸில் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்தால் பாதி ராத்திரி தாங்கும். ஃபிளாஸ்க் இதற்கு உதவாது, சூட்டை வெளியே விடாது.

கரி கணப்பை மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் கொண்டுவராதீர்கள். ஓரங்களை இறக்கிக் கட்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கு வாசனையும் கிடையாது. ஒரு தீப்பொறி பட்டாலே நைலான் உருகி ஓட்டையாகும் என்பது வேறு.

நடு இரவில் குளிர் எழுப்பினால், எங்கே குளிர்கிறது என்று முதலில் பாருங்கள். முதுகு முழுக்க என்றால் அண்டர்குவில்ட் கீழே இறங்கிவிட்டது, எலாஸ்டிக்கைச் சுருக்குங்கள். தோள் மட்டும் என்றால் அது கால்பக்கமாக நகர்ந்திருக்கிறது, தலைப்பக்கம் இழுங்கள். பின்கால் மட்டும் என்றால் காலியான பேக்பேக்கைக் காலுக்கு அடியில் போடுங்கள். உடம்பு முழுக்க என்றால் கொஞ்சம் சாப்பிடுங்கள், சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் சோம்பல்படாமல் இறங்கிப் போய்விட்டு வாருங்கள். இவ்வளவும் செய்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் இரண்டு மேட்டையும் எடுத்துக்கொண்டு நண்பரின் தோட்டத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.